போர்டு இல்லாத இடமும் நோ பார்க்கிங்தான்

டிராஃபிக் போலீஸிடம் மாட்டிக்கொண்டவர் முதலில் சொல்வது தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்: "சார், இங்க போர்டு எதுவும் இல்லையே." அடுத்தது, "ரெண்டு நிமிஷம்தான் சார், மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ட்டு வந்தேன்." அதற்கும் அடுத்தது, "எல்லாரும்தான் விட்டிருக்காங்க." மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றாலும் செலானில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஏன் குறையாது என்று புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

போர்டு இருந்தால் தடை, இல்லாவிட்டால் அனுமதி என்றுதான் நம்மில் பலரும் கணக்கு வைத்திருக்கிறோம். சட்டத்தின் கணக்கு வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 118ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு சாலை ஒழுங்குமுறைகளை வகுத்திருக்கிறது. 1989இல் வந்தவற்றை மாற்றி 2017இல் புதியவை வந்தன. வண்டியை எங்கெல்லாம் நிறுத்தக்கூடாது என்று அவற்றில் நீளமான பட்டியல் ஒன்று உண்டு. அதில் உள்ள பெரும்பாலான இடங்களுக்குப் போர்டே தேவையில்லை. அது திருப்பம் என்பதும், அது பஸ் நிறுத்தம் என்பதும், அது ஒருவர் வீட்டு வாசல் என்பதுமே தடை. பார்த்தால் நிறுத்தலாம்போலத் தோன்றுகிற இடத்திலும் நிறுத்தாதே என்று கூடுதலாகச் சொல்லத்தான் போர்டு வைக்கிறார்கள்.

அதனால் வண்டியை ஓரங்கட்டும்போது கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் தரையையும் முன்பின்னையும் பார்க்க வேண்டும்.

எங்கெல்லாம் கூடாது

முதல் இடம் முச்சந்தியும் நாற்சந்தியும். சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரைக்கும், வரும் பக்கத்திலும் சரி, போகும் பக்கத்திலும் சரி, வண்டி நிற்கக்கூடாது என்பது 2017 ஒழுங்குமுறை. ஒரு நகரப் பேருந்து சுமார் 12 மீட்டர் நீளம். நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம் இது. தி.நகர், புரசைவாக்கம், மதுரை டவுன்ஹால் ரோடு போன்ற பகுதிகளின் உட்தெருக்களில் இந்தக் கணக்கைக் கறாராகப் போட்டால் தெருவில் நிறுத்த இடமே மிஞ்சாது. காவலர்களும் டேப் வைத்து அளப்பதில்லை. ஆனால் முனையிலேயே இருக்கும் டீக்கடை, ஜூஸ் கடை, ஏ.டி.எம். இவற்றின் எதிரே நிற்கும் வண்டிதான் முதலில் அவர்கள் கண்ணில் படுகிறது. காரணமும் நியாயமானதே. திரும்பும் பஸ்ஸுக்கு முனையில்தான் அகலம் தேவை. குறுக்கே வரும் ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டிய பார்வையை மறைப்பதும் முனையில் நிற்கும் காரே. அவசரம் என்றால்கூட முனையைத் தாண்டி நாலைந்து கடை தள்ளிப் போங்கள்.

அடுத்தது நடைபாதை. இதில் இருசக்கர வாகனக்காரர்களுக்கு ஒரு தனி நம்பிக்கை இருக்கிறது: சாலையை அடைக்காமல் பிளாட்பாரத்தின் மேல் ஏற்றிவிட்டோம், நல்ல காரியம்தானே செய்தோம் என்று. காரை ஓட்டுகிறவர்களோ இரண்டு சக்கரத்தை மேலே, இரண்டைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டுமே தவறு. நடைபாதை, சைக்கிள் பாதை, ஜீப்ரா கோடு, அதற்கு முந்தைய சில மீட்டர் எல்லாமே தடைசெய்யப்பட்ட இடங்கள். நடைபாதை தரையோடு சரிந்து இறங்கும் இடத்தைக் குறிப்பாகக் கவனியுங்கள். அது சக்கர நாற்காலி இறங்குவதற்காகச் செய்தது. காருக்கு வசதியாக இருப்பதாலேயே அங்கே காரைச் சொருகுகிறார்கள்.

பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் மூன்றையும் விளக்க வேண்டியதில்லை. சிக்னலுக்கு அருகிலும், போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும்படியும் கூடாது. இன்னொரு வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாவது வரிசையாக நிறுத்துவதும் கூடாது. கல்யாண மண்டப வாசலில் முகூர்த்த நேரத்தில் நடப்பது இதுதான்: மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஒரு வரிசை, அதை மறித்துப் பெண் வீட்டார் வண்டி ஒரு வரிசை, நடுவே ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்கும். டாஷ்போர்டில் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவது நல்ல மரியாதை. ஆனால் அது அபராதத்திலிருந்து காப்பாற்றாது.

ராங் சைடில் நிறுத்துவதைக் குற்றம் என்றே பலர் நினைப்பதில்லை. எதிர்ப்பக்கம் நிழல் இருக்கிறது, அல்லது கடை அந்தப் பக்கம் இருக்கிறது, அப்படியே வெட்டிப்போய் முகத்தை எதிரே வைத்து நிறுத்திவிடுகிறோம். இரவில் இது எவ்வளவு ஆபத்து என்பதை யோசித்துப் பாருங்கள். வண்டியின் பின்புறத்தில்தான் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருக்கின்றன. ராங் சைடில் நிற்கும் வண்டியின் பின்புறம் எதிர்த்திசையைப் பார்த்திருக்கும். அந்தப் பாதையில் வருகிறவனுக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். கிளம்பும்போதும் எதிரே வரும் வண்டிகளுக்குள்தான் மூக்கை நீட்ட வேண்டும்.

பாலமும் மேம்பாலமும் பட்டியலில் உண்டு. சென்னைவாசிகளுக்கு இதில் சொல்ல ஒரு கதை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் அப்படி நின்ற கார்களுக்கு அபராதம் போடுவதாகச் செய்தி பரவி, பெரிய கோபம் கிளம்பி, அபராதம் எதுவும் விதிக்கவில்லை என்று காவல்துறையே விளக்கம் கொடுக்க நேர்ந்தது. வெள்ளத்தில் எஞ்சினைப் பறிகொடுத்தவரிடம் போய் ஒழுங்குமுறையை வாசித்துக் காட்ட எனக்கும் மனம் வராது. ஆனால் மழை நாளில் கண்டுகொள்ளாமல் விட்டதை வெயில் நாளுக்கான உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது. மழை நாளிலும் ஆம்புலன்ஸ் போகும் அகலம் மிச்சம் இருக்க வேண்டும்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு அருகே போட்டோ எடுக்க நிறுத்துவது ஆபத்து. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் நடைமுறை வந்தது. பாஸ் கிடைத்தது என்பதால் அங்கே வண்டி விட இடமும் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தங்குமிடத்தில் அறை எடுக்கும்போதே பார்க்கிங் உள்ளேயா ரோட்டிலா என்று கேட்டுவிடுங்கள். சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். இறக்கத்தில் முன்சக்கரத்தை ஓரக்கல் பக்கமாக ஒடித்து வையுங்கள். சக்கரத்துக்கு அடை கொடுத்த கல்லைக் கிளம்பும்போது ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

போர்டையும் கோட்டையும் படிப்பது

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு: இது நோ பார்க்கிங். அதே நீல வட்டத்தில் பெருக்கல் குறிபோல இரண்டு கோடுகள் இருந்தால் நிற்கவே கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் அபராதம் நிறைய. நோ பார்க்கிங் இடத்தில் ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். பெருக்கல் குறி இருக்கும் இடத்தில் அதுவும் முடியாது. ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் அது மீறல்தான்.

வட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டை இருந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள். அம்புக்குறி தடை எந்தப் பக்கமாக நீள்கிறது என்று சொல்லும். நேரம் எழுதியிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் தடை. எந்த வகை வண்டிக்கு என்றும் இருக்கலாம். சாலை ஓரத்தில் மஞ்சள் கோடு நீளமாக ஓடினால் அங்கே போர்டு கண்ணில் படாவிட்டாலும் நிறுத்தக்கூடாது. ஓரக்கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக அடித்திருப்பது இரவில் ஓரம் தெரிவதற்காக மட்டுமே. அதை அனுமதி என்றும் தடை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நம் ஊருக்கே உரிய தனியார் போர்டுகள். "நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்" என்று கேட்டில் தொங்கும் தகரத்தைப் பார்க்காத ஓட்டுநர் உண்டா? ஏதாவது ஒரு கடை விளம்பரமாக அச்சடித்துக் கொடுத்திருக்கும் தகரம் அது. அதற்குச் சட்டப்படி மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் வண்டி போய்வரும் வாசலை மறிப்பதே தனியாகக் குற்றம் என்பதால், தகரம் இல்லாவிட்டாலும் அங்கே நிறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது. காற்றைப் பிடுங்க வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது. அடுத்தவர் பொருளுக்குச் சேதம் செய்தால் அது அவர்மேல் திரும்பும் குற்றம். இரண்டு தவறும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வதில்லை.

வாசலைத் தவிர்த்த மற்ற இடம் வேறு விஷயம். வீட்டுச் சுவரை ஒட்டிய ரோடு முழுவதும் தனக்குச் சொந்தம்போலப் பூந்தொட்டி, சிமென்ட் கட்டை, பெயின்ட் டப்பாவில் ஊன்றிய கம்பி என்று வைத்திருப்பார்கள். கடைக்காரரும் "கஸ்டமர் வண்டி மட்டும்" என்று எழுதி வைப்பார். பொதுச் சாலையில் இப்படி இடம் பிடித்துவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அது நிறுத்தத் தகுதியான இடமாக இருந்தால் நீங்கள் நிறுத்தலாம். கட்டையை நகர்த்திவிட்டு நிறுத்திச் சண்டைபோடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வரும்போது கதவில் ஆணிக் கோடு இருந்தால் அதை நிரூபிப்பது உங்கள் தலைவலி. மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அதே நியாயம் உங்களுக்கும் உண்டு: உங்கள் வீட்டு முன்னால் உள்ள ரோட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி விட்டால், கேட்டை மறிக்காதவரை, நீங்கள் சத்தம் போட முடியாது.

ஏ.சி. ஓடட்டும், நீ உள்ளேயே இரு

குடும்பத்தோடு போகும்போது நடக்கும் காட்சி. ஜவுளிக்கடை எதிரே காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், "ஏ.சி. ஓடட்டும்மா, போலீஸ் வந்தா உடனே போன் பண்ணு" என்று மனைவியையும் குழந்தையையும் உள்ளே விட்டுவிட்டுக் கணவர் இறங்கிப் போவார். ஆள் உள்ளே இருந்தால் அது பார்க்கிங் ஆகாது என்ற நம்பிக்கை. சட்டத்தின் 126ஆவது பிரிவு இதற்கு நேர் எதிர். பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை அணைத்துப் பிரேக் போட்டு, தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் மனைவி, ஓடும் எஞ்சின் என்றால் இரண்டு நிபந்தனையும் தவறிவிட்டது. கியர் லிவரைக் குழந்தை தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிவே.

உரிமம் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் ஒரு நன்மை உண்டு. காவலர் வந்தால் பெரும்பாலும் "எடுங்க" என்பதோடு விட்டுவிடுவார். எடுத்துவிடுங்கள். அங்கே நின்று நியாயம் பேசுவது சிக்கனமான வேலை இல்லை. சட்டப்படி கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 179ஆவது பிரிவில் 2,000 ரூபாய்.

டபுள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விளக்கு வண்டி பழுதாகி நிற்கிறது அல்லது ஆபத்து இருக்கிறது என்று மற்றவரை எச்சரிக்க. பேக்கரியில் பப்ஸ் வாங்கும் வரைக்கும் நிறுத்திக்கொள்ள அது அனுமதிச் சீட்டு அல்ல.

எவ்வளவு போகும்

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது தொகைகள் ஏறின. தமிழ்நாடு அரசு அதற்கேற்ப 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகளை அறிவித்தது. தவறான இடத்தில் நிறுத்தியதற்கு 177ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500. திருத்தத்துக்கு முன்னால் இது 100, 300 என்று இருந்தது. "நூறு ரூபாய்தானே" என்ற அலட்சியம் அந்தக் காலத்தில் உருவானது, தொகை மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

500 என்பது அடிப்படைத் தொகைதான். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தியதற்கு 201ஆவது பிரிவில் 500 வரை தனியாக உண்டு. வண்டியை இழுத்துக்கொண்டு போனால் அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான் என்று 127ஆவது பிரிவு சொல்கிறது. பொது வழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கியதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவில் வழக்குப் பதிந்தால் அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம். 2024 ஜூலை 1க்கு முன்பு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், இதே குற்றத்துக்கு உச்சம் வெறும் 200 ரூபாய்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை நெடுஞ்சாலையில் காத்திருக்கிறது. இருட்டில் விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதும் விபத்துகளை வாரம் தவறாமல் செய்தித்தாளில் படிக்கிறோம். இடித்தவன்மேல்தான் முழுத் தவறு என்று நினைக்காதீர்கள். நிறுத்தக்கூடாத இடத்தில், எச்சரிக்கை இல்லாமல் நின்ற வண்டிக்கும் தவறில் பங்கு உண்டு என்று தீர்ப்பாயங்கள் முடிவு செய்வது உண்டு. அந்தக் கணக்கில் 500 ரூபாய் என்பது ஒன்றுமே இல்லை. டயர் வெடித்தாலோ எஞ்சின் நின்றாலோ முடிந்தவரை சாலையை விட்டு இறக்குங்கள், டபுள் இண்டிகேட்டரைப் போடுங்கள், டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். டிக்கியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். புது வண்டியோடு வந்தது. பல பேர் பிரித்ததே இல்லை.

வந்து பார்த்தால் வண்டி இல்லை

வண்டியைக் காணோம் என்றதும் நெஞ்சு பதறும். திருட்டு என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கடைக்காரரிடமோ ஆட்டோ ஸ்டாண்டிலோ கேளுங்கள். போலீஸ் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், எந்த ஸ்டேஷன் என்றும் சொல்வார்கள். இல்லையென்றால் 100 அல்லது 112க்குப் போன் செய்து வண்டி எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் கவனிப்பாரற்று 10 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ 127ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்த 10 மணி நேரக் கணக்கு தெரியாதவர்கள் அதிகம். ஊருக்குப் போகும்போது ரயில் நிலையம் அருகே தெருவில் வண்டியை விட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வருகிறவர்கள், போர்டு இல்லை என்பதால் பிழைத்தோம் என்று நினைக்கக்கூடாது. ரயில் நிலையத்தின் கட்டண நிறுத்தத்தில் போட்டுவிட்டுப் போவது எவ்வளவோ மலிவு.

இதே பிரிவில் உங்களுக்குச் சாதகமாகவும் ஒரு சொல் உண்டு: சீருடையில் உள்ள, அந்த எல்லைக்கு உட்பட்ட காவல் அலுவலர்தான் இழுக்கவோ பூட்டவோ உத்தரவிட வேண்டும். இழுவை வண்டியில் வரும் ஆட்கள் தாங்களாகவே முடிவெடுக்க முடியாது. நீங்கள் நிற்கும்போதே வண்டியைத் தூக்கினால் அலுவலர் எங்கே என்று கேட்கலாம், பணிவாகக் கேளுங்கள். அவர் அங்கேயே இருந்தால் பேச்சை அவரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வீல் லாக் போட்டிருந்தால் வண்டியை நகர்த்திப் பார்க்க வேண்டாம். சக்கரமும் மட்கார்டும் பழுதாகும். பூட்டை உடைத்தால் அது வேறு வழக்கு. வண்டியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, செலான் வாங்கி, பணம் கட்டித் திறக்கச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பம்பரில் புதுக் கீறல் இருந்தால் அங்கேயே சொல்லியாக வேண்டும், வீட்டுக்கு வந்து சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்.சி., உரிமம், இன்சூரன்ஸ் மூன்றும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும், அசல் தாள் தேவையில்லை. செலான் இல்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள். "பாதி கொடுத்தால் விட்டுவிடுவார்" என்று யோசனை சொல்ல ஒரு நண்பர் எப்போதும் இருப்பார். அப்படி விட்டவர் மறுநாள் விடமாட்டார். கையில் ரசீதும் இருக்காது.

காசு கொடுத்து நிறுத்தும் இடம்

மாநகராட்சி நிறுத்தம், மெட்ரோ நிலையம், மால் எதுவானாலும் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு விடுங்கள். டோக்கன் இல்லாமல் ரோட்டோரத்தில் ஒருவர் வந்து காசு கேட்டால், அது அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தமா என்பதே சந்தேகம். அவரிடம் 20 ரூபாய் கொடுத்தது போலீஸிடம் செல்லாது.

ஹோட்டல் வாசலில் வாலே பார்க்கிங் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறோம். அவர் வண்டியை அடுத்த தெருவில் ஒரு வீட்டு கேட் முன்னால் விட்டால் செலான் வருவது உங்கள் பெயருக்கு. சாவியைக் கொடுக்கும்போதே "உள்ளே இடம் இருக்கா, ரோட்டுல விடுவீங்களா?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. டோக்கனின் பின்புறம் "வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரி எல்லா நேரமும் ஹோட்டலைக் காப்பாற்றாது. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் வாலே ஊழியரிடம் கொடுத்த கார் 1998இல் திருடுபோன வழக்கில், அலட்சியம் இருந்தால் இப்படி ஒரு வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. டோக்கனைக் கசக்கிப் போடாமல் வைத்திருக்க இது ஒரு காரணம்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி.நகருக்கோ, பங்குனி அறுபத்துமூவர் நாளில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமோ, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கோ காரில் போவதாக இருந்தால் முதல் நாளே காவல்துறை அறிவிப்பைப் பாருங்கள். வழக்கமாக நிறுத்தும் இடம் அன்றைக்கு மட்டும் தடையாக இருக்கும், தற்காலிக நிறுத்தம் ஊருக்கு வெளியே இருக்கும். மதுரையில் மீனாட்சி கோவிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் சாதாரண நாளிலேயே வண்டி போக முடியாது. சென்னையில் மெட்ரோ நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போய்வருவது நேரத்தையும் சேர்த்து மிச்சப்படுத்தும். ஜவுளிப் பைகளோடு ரயிலில் ஏறுவது சிரமம்தான். தி.நகரில் இடம் தேடி நான்காவது சுற்று வருவது அதைவிடச் சிரமம்.

செலான் போனில் வந்தால்

இப்போது காவலரைப் பார்க்காமலே அபராதம் வரும். வண்டியைப் போட்டோ எடுத்துப் பதிவேற்றிவிடுகிறார்கள், ஆர்.சி.யில் உள்ள கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும். வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் எண்ணைக் கொடுத்துப் பதிந்திருந்தால், அல்லது எண்ணை மாற்றியிருந்தால், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி.க்கோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போதுதான் பழைய பாக்கியெல்லாம் எழுந்து நிற்கும். பரிவாகன் தளத்தில் கைபேசி எண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஈ-செலான் பக்கத்தில் வண்டி எண்ணையும், எஞ்சின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசிப் பகுதியையும் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்ஆப்பில் "உங்கள் வாகனத்துக்குச் செலான்" என்று வரும் செய்தியில் ஒரு இணைப்போ ஏ.பி.கே. கோப்போ இருந்தால் தொடாதீர்கள். நிறுவினால் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி அது. அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும். செய்தி எங்கிருந்து வந்தாலும் இணைப்பை அழுத்தாமல், நீங்களே தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

செலானில் உள்ள போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணில் 3க்குப் பதில் 8 என்று படித்திருக்கலாம். உங்கள் எண்ணை இன்னொருவர் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு திரியலாம். நிறமோ மாடலோ ஒத்துவராவிட்டால் பணம் கட்டிவிடாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே தளத்தில் குறை தெரிவிக்க வழி இருக்கிறது. கேமரா மூலம் பிடிக்கப்பட்ட மீறலுக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், இடமும் தேதியும் நேரமும் படமும் எந்தப் பிரிவு என்பதும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ சொல்கிறது. இதில் எது இல்லையோ அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நான் ரொம்ப நல்லவன், இதுவரை ஒரு செலான்கூட வாங்கியதில்லை என்ற வாக்கியம் மனுவில் வேண்டாம். செலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தால் அந்தத் தளத்திலேயே கட்டவும் மறுக்கவும் இரண்டு வழியும் உண்டு.

கடைசியாக, வண்டியை விற்றவர்களுக்கு. புரோக்கரிடம் சாவியும் கையெழுத்துப் போட்ட படிவங்களும் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், வாங்கியவர் கண்ட இடத்தில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செலான் உங்கள் போனுக்கு வரும். அப்போது ஓட்டியது யார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பும், 133ஆவது பிரிவின்படி, உரிமையாளராகப் பதிவில் இருக்கும் உங்களுக்கே. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29ஐ ஆர்.டி.ஓ.விடம் சேர்க்க வேண்டும். படிவம் 30 வாங்குகிறவரோடு சேர்ந்து கொடுப்பது. ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கி வையுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறியதைத் தளத்தில் கண்ணால் பார்க்கும் வரை பழைய எண்ணைப் போட்டு மாதம் ஒருமுறை பாக்கி பார்த்துக்கொண்டிருங்கள்.